ஆறாயிரம் பீடி

அடிபம்புக் கைப்பிடி தெறித்து
மேல்வரிசை முன்பல் போனது தஸ்லிமாவுக்கு.
பதினொரு வயசு.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரேயைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார் டாக்டரம்மா.
"இப்பவே திருகாணி வச்சு நட முடியாது.
தாடை வளரும், நட்ட பல்லு வளராது.
ஆத்துல வெள்ளம் ஏறையில
கல்மண்டபம் நின்ன எடத்துலயே முங்குதுல்லா,
அப்படித்தான்."

பதினெட்டு தாண்டணுமாம்.
அதுவரைக்கும் கழற்றி மாட்டும் தட்டு.
இல்லையென்றால் பக்கத்துப் பல்லின் முதுகில்
சிறகுபோல் ஒட்டுவது, அது அடிக்கடி பெயரும்.
சும்மா விட்டால்
புறம்போக்கைக் கண்டவர்கள் மாதிரி
இரண்டு பக்கமும் சாய்ந்து வளைத்துக்கொள்ளும்.

தட்டுக்கு ஆறாயிரம் பீடி.
மேலப்பாளையம் வரும்வரை
பஸ்ஸிலேயே சுற்றி முடித்துவிட்டேன், மனசால்.

ரோஸ் நிற அண்ணத்தில் ஒற்றைப் பல்.
முதல் நாள் எச்சில் வழிய அழுதாள்.
இப்போது அட்டெண்டன்ஸுக்கு மாட்டுகிறாள்,
அது இல்லாமல் தன் பேரின் 'த'விலேயே
காற்று போய்விடுகிறது.
கொய்யாவுக்குக் கழற்றி
சட்டைப் பையில் போடுகிறாள், ஏசினாலும்.

நேற்று ராத்திரி
தூள் தட்டை மடியில் வைத்திருந்தேன்.
"உம்மா, பல்லு இறுக்குது" என்றாள்,
பாவாடை குட்டையாகிப் போனதைச்
சொல்கிற பெருமையோடு.

இன்னொரு ஆறாயிரம்.
இலையை நனைத்தேன்.