பதினேழு ஆ

விசாரணை என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.
"சும்மா கூப்பிட்டுக் கேப்போம்" என்றார் அருளப்பன் சார்.
முதல்வர் அறையில் எங்களுக்கு நான்கு நாற்காலி,
ஜெனகப்ரியாவுக்கு நிற்க இடம்.

மேசைமேல் அவள் பையிலிருந்து எடுத்த கட்டு:
பதினொரு தேர்வின் வினாத்தாள்,
சிம்மக்கல் ஜெராக்ஸ் கடையில் நாற்பது ரூபாய்,
மூலையில் பச்சை நூல் கோத்தது.
பென்சிலால் அவள் வட்டமிட்ட ஆறில்
ஐந்து வந்துவிட்டது.
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.
"பாடம் படிச்சு வாங்கின மார்க்கா இது?
திருட்டுன்னு சொல்ல மாட்டேன். ஆனா வேற என்ன சொல்றது?"
கேட்டது என்னைப் பார்த்து.
கணக்குத் துறையில் மூத்தவள் நான்.
இந்த வேலைக்கு நான் வந்ததே
டவுன்ஹால் ரோட்டில் அரை விலைக்கு வாங்கிய
பத்தாண்டு வினா விடையைத் தின்று தீர்த்துத்தான்.

எப்படிம்மா தெரிஞ்சது, என்றேன்.

சோழவந்தான் கொடிக்காலில்
வெற்றிலை கிள்ளி, நூறு நூறாய்க்
கவுளி கட்டுகிறவள் அவள் அம்மா.
"கூட உக்காந்து அடுக்கி அடுக்கி
எனக்கும் எண்ணுற பழக்கம் மேடம்.
எந்தக் கேள்வி எத்தன தடவன்னு எண்ணினேன்.
எண்ணினா தப்பா?"

டீ வந்தது. நான்கு கோப்பை.

விடைத்தாளைப் புரட்டினேன்.
பதினேழு ஆ.
ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிறது.
அறையின் வெப்பம் முப்பது.
பத்து நிமிடத்தில் எண்பதிலிருந்து அறுபது.
இன்னும் பத்து நிமிடம் போனால் எவ்வளவு?
சமன்பாட்டைக் கேள்வியிலேயே கொடுத்திருக்கும்.
எட்டு முறை வந்த கேள்வி.

விடைக்கு முன்னால், ஓரமாக, அவள் கையெழுத்து:
'கேள்வியில் கழித்தல் குறி விடுபட்டிருக்கிறது.
இப்படியே விட்டால் தேநீர் ஆறாது,
சூடேறிக்கொண்டே போகும்.
குறியைச் சேர்த்துச் செய்திருக்கிறேன்.'
கீழே, நாற்பத்தெட்டு.

ஏப்ரல், இரண்டாயிரத்துப் பதினான்கு.
கோரிப்பாளையத்தில் ஆஸ்பத்திரி வராந்தா,
உள்ளே மாமியாருக்கு டிரிப்ஸ்,
மடியில் அட்டை வைத்து
தாள் தயாரித்த இரவு.
சின்னக் கோடு. விட்டுவிட்டேன்.
அடுத்து எடுத்தவர் என்னுடையதைப் பார்த்து எடுத்தார்,
அதற்கடுத்தவர் அவருடையதை.
அருளப்பன் சார் இரண்டு முறை.
எட்டுத் தாளிலும் அந்தத் தேநீர்
கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது.
ஆயிரம் பிள்ளைகள் நாற்பத்தெட்டு என்று எழுதினார்கள்,
நாங்களும் சரி போட்டோம்.
ஒருவருக்கும் நாக்குச் சுடவில்லை.

சொல்லியிருக்கலாம்,
அந்த அறையில், அப்போதே.
"பழைய தாளைப் படிக்கக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல சார்.
பிள்ளைக்கு ரயிலுக்கு நேரமாச்சு."
அவ்வளவுதான் சொன்னேன்.
என் கோப்பையில் ஏடு படிந்திருந்தது.

சாயங்காலம் சிம்மக்கல்லில் இறங்கினேன்.
கடைக்காரர் நிமிராமலே கேட்டார்,
எந்தக் காலேஜு, எந்த செமஸ்டர்?
சொன்னேன்.
"யாருக்கு, மகளுக்கா?"
ஆமா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் தெரியவில்லை.
கட்டைப் பிரித்ததும் என் கேள்வி.
பக்கத்தில் யாரோ மூன்று நட்சத்திரம் போட்டு
'கண்டிப்பா வரும்.'

மாஸ்டர் காப்பி இருக்குமா, என்றேன்.
விழித்தபடியே எடுத்துக் கொடுத்தார்.
கறுப்புப் பேனாவால், சமக்குறிக்கு அடுத்து,
எட்டு இடத்தில் எட்டுச் சின்னக் கோடு.
ஜெராக்ஸ் மிஷின் மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்
கடைசிக் கோட்டுக்குப் பிறகு சொன்னார்:
"அடுத்த செமஸ்டருக்கு ஏற்கெனவே
இருநூறு காப்பி போட்டு வச்சாச்சே மேடம்."