நிற்பது ஆதாரம் ஆகாது

ஹெய்னாசாரித் தீவுக்கும் கரைக்கும் நடுவே
எழுநூறு மீட்டர் தண்ணீர்.
வடத்தைப் பிடித்துக்கொண்டு அதில் போய்வரும்
மஞ்சள் படகை ஓட்டுகிறேன்.
ஓட்டுகிறேன் என்பதுகூட அதிகம்.
வடம் கிடக்கிற வழியில் அது போகும்;
நான் பொத்தானை அழுத்துகிறவள்.

நவம்பர் இரவுப் பணியில்
இரண்டு வண்டி வந்தால் அதிசயம்.
அப்படியோர் இரவில்தான்
எல்லாரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியத்தில்
எங்கள் படகைத் தேடினேன்.
நிறம்: ஆரஞ்சு என்றிருந்தது.
மஞ்சள் என்று மாற்றினேன்.
நான்கே நிமிடம். மறுபடி ஆரஞ்சு.

சாம்பல்நாரை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர்
கேட்டிருந்தார்: ஆதாரம்?

நான் அதன் மேல்தான் நிற்கிறேன் என்று எழுதினேன்.

நிற்பது ஆதாரம் ஆகாது.
அவ்வளவுதான் பதில். கூடவே
நல்வரவு சொல்லி ஒரு காபிக் கோப்பைப் படம்.

கோபத்தில் பிளாஸ்க் மூடியை
இரண்டு சுற்று அதிகமாகத் திருகிவிட்டேன்.
விடியும்வரை திறக்கவே முடியவில்லை.

ஆனாலும் மறுநாள் போனேன்.
இரட்டைப் பகர அடைப்புக்குள் போட்டால்
ஓர் ஊர் இன்னோர் ஊருக்குக் கதவாகும்.
பேச்சுப் பக்கத்தில் பேசி முடித்ததும்
நான்கு அலைக்குறி இடவேண்டும்,
பெயரும் நேரமும் தாமே வந்து உட்காரும்.
அலையில் பிழைக்கிறவளுக்கு
அதுதான் கடைசிவரை மறந்து மறந்து போனது.
'கையொப்பமிடாதவர்' என்று
யாராவது பின்னாலேயே வந்து எழுதிவைப்பார்கள்,
பித்தான் போடாமல் ஓடும் பிள்ளையை
வாசலில் பிடித்து நிறுத்துவதுபோல.

கலங்கரை விளக்கம் பற்றி நான் எழுதியதில்
'அழகிய' போயிற்று.
'புகழ்பெற்ற' போயிற்று.
'கம்பீரமாக நிற்கிறது' என்பதில்
'நிற்கிறது' மட்டும் தப்பியது.
வாசித்துப் பார்த்தேன்.
விளக்கம் ஒரு விரற்கடைகூடக் குட்டையாகவில்லை.

இரண்டாம் குளிர்காலம்.
என் கவனிப்புப் பட்டியலில் இப்போது நாற்பது பக்கங்கள்.
பழைய பனிச்சாலை பற்றியது ஒன்று.
அதன் அடியில் வெள்ளி இரவுதோறும்
ஒரு வரி முளைக்கும்:
ஓஸ்மோ குடித்திருக்கவில்லை.
பெயரில்லாத கை. சான்று இல்லை.
நீக்கினேன்.
அடுத்த வெள்ளி மறுபடி, எழுத்துப்பிழையோடு.
நீக்கினேன்.
ஐந்தாம் முறை
எச்சரிக்கையின் சிவப்பு முக்கோணத்தைக் கையிலெடுத்தேன்.
ஒட்டுமுன் பக்கத்தை முழுதாகப் படித்தேன்,
முதல்முறையாக, வெட்கம்தான்.

மேலே ஒரு வரி. நான்கு வருடமாய் யாரும் தொடாதது:
குடிபோதையில் லாரி ஓட்டிய ஓஸ்மோ
பனி உடைந்து மூழ்கினார், மார்ச் 1983.

இதற்கு யார் கேட்டார்கள் ஆதாரம்?

விடுமுறை நாளில் டுர்க்குவுக்குப் பேருந்தேறி
நூலகத்தின் நிலவறையில்
நுண்படச் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
நாள் இருந்தது, பனியின் தடிமன் இருந்தது,
லாரியோடு போன முப்பது பால் கேன்கள் இருந்தன.
குடி இல்லை.
குடிக்கவில்லை என்பதும் இல்லை.

இரண்டு வரியையும் எடுத்தேன்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
சான்று இல்லை என்று தட்டினேன்.
என் வாயில் ஒருநாள் கசந்த சொற்கள்.

அடுத்த வெள்ளி
பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.
ஒன்றும் முளைக்கவில்லை.
அதற்கடுத்த வெள்ளியும்.
ஆறிவிட்டதா, அலுத்துவிட்டதா,
காய்ச்சலில் படுத்திருக்கிறாரா,
தெரியாது.
தெரியாததை எழுதக் கூடாது.

படகு அங்கே இன்னும் ஆரஞ்சுதான்.
சாலைத் துறைக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்,
சாயத்தின் பெயர் சொல்லும் அறிக்கை
ஏதும் அச்சில் உண்டா என்று.
மறுகரையில் யாரோ
முகப்பு விளக்கை இருமுறை அணைத்துப் போடுகிறார்கள்.
இதோ, வருகிறேன்.