எடைச் சீட்டு

ஆனி மாதம். சந்தூர் ரோட்டில்
மாங்கூழ் ஆலையின் எடைமேடை.
வண்டி வரிசை புளியமரம் வரைக்கும் நிற்கிறது.
நாற்பத்தி மூன்றாவது வண்டியிலிருந்து இறங்கியவர்
என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தெரிந்த சிரிப்பு.
இல்லை, சிரிப்பு தெரியாது.
அதற்கு மேலே இருக்கும் கண் இரண்டும்தான் தெரியும்.

"வாங்க வாங்க" என்றேன்,
பெயர் சேராத வாங்க.
"வீட்ல எல்லாரும் எப்படி?"
எந்தப் பூட்டுக்கும் பொருந்துகிற சாவி.
"இருக்காங்கம்மா" என்றார்.
இருக்கிறவர்கள் யாரென்று
எனக்கு ஒரு துப்பும் இல்லை.

தார்ப்பாய் விலக்கும் முன்பே
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்:
இது பெங்களூரா, இது செந்தூரா,
அடியில் நாலு கூடை பீத்தர் கலந்திருக்கிறது,
இது கல் வைத்துப் பழுத்தது, திருப்பி அனுப்பு.
மூக்கு தடுமாறியதே இல்லை,
நடுவில் ஒரு பதினெட்டு நாள் தவிர.

நாக்குதான்.
நுனி வரைக்கும் வந்து
பல்லுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு
வெளியே வர மாட்டேன் என்கிறது.
வே... வேடியப்பன்? அவர் பால் சொசைட்டி.
மு... முனிரத்தினம் போன வருஷமே தோப்பை விற்றாயிற்று.
மாதப்பன், கெம்பண்ணன், திம்மராயன்.
சந்தையில் அளவு தெரியாமல் சட்டை வாங்குகிறவளைப் போல
ஒவ்வொன்றாய் எடுத்து அவர்மேல் வைத்துப் பார்த்தேன்.
ஒன்று தோளில் நிற்கவில்லை,
ஒன்று கழுத்தில் நுழையவில்லை.

அக்கா மகள் கல்யாணமா? பர்கூர் பேங்க்கா?
காவேரிப்பட்டணம் பஸ்ஸில் பக்கத்து சீட்டா?
எங்கே நிறுத்தினாலும் அவர் நிற்கவில்லை.
என் நினைவில் அவர்
ஏனோ படுத்தே இருந்தார்.
என்ன கருமம் இது என்று
எனக்கே வெட்கமாகிவிட்டது.

திரையில் வண்டி எண் ஏறியது, எடை ஏறியது,
ஐயாயிரத்து நூற்று நாற்பது கிலோ.
'விவசாயி பெயர்' கட்டத்தில் மட்டும்
ஒற்றைக் கோடு
மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.

பழைய தந்திரம்:
"இனிஷியல் என்னங்க?"
"பி."
"பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க?
ஆதார்ல இருக்கிற மாதிரியே போடணும்."
அவர் பதில் சொல்லவில்லை.
அவருக்கும் ஏதோ யோசனை.
கையிலிருந்த சாவியால்
வண்டியின் பின்கதவைத் தட்டினார்.
டங். டங்டங். டங்.

அப்போது வந்தது.
பெயர் அல்ல.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி, ராத்திரி இரண்டு மணி.
ஆக்சிஜன் குழாய் நழுவியது எனக்குத் தெரியாது.
பக்கத்துக் கட்டில்காரர்,
எழுந்து உட்காரவும் மூச்சில்லாதவர்,
சில்வர் டம்ளரால் கட்டில் காலைத்
தட்டிக்கொண்டே இருந்தார்
நர்ஸ் ஓடி வரும் வரை.
மாஸ்க்குக்கு மேலே இதே இரண்டு கண்.

நான் மறக்கவில்லை.
அந்தப் பெயரை யாரும் எனக்குச் சொன்னதே இல்லை.
நானும் கேட்டதில்லை.
காலையில் டாக்டர் வந்து கூப்பிடுவது
பதினாறு, பதினேழு, அவ்வளவுதான்.
குடமே விழாத கிணற்றில்
இத்தனை நேரம் பாதாளக்கரண்டி போட்டுத்
துழாவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பதினேழு" என்றேன்.
கதவிலிருந்து சாவி கீழே விழுந்தது.
"பதினாறு!" என்றார்.
"வரிசைல நின்னப்போ இருந்து
உங்க பேரு என்னன்னு மண்டையை உடைச்சிக்கிறேம்மா.
ஒண்ணும் வர மாட்டேங்குது."

பின்னால் ஹாரன். அதற்குப் பின்னாலும் ஹாரன்.

"சென்றாயன்" என்றார்.
போய்ச் சேராமல் திரும்பி வந்த மனிதருக்கு
இப்படி ஒரு பெயர்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டத்தில் அடித்தேன்.
புரண்டு கிடந்த என் அடையாள அட்டையை
அவர் பக்கம் திருப்பினேன்.
உதடு அசைய
ஒருமுறை படித்துக்கொண்டார்.

சீட்டு அச்சாகி வந்தது.
நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
மேடையை விட்டு வண்டி இறங்கும்போது
ஜன்னலுக்கு வெளியே கை நீண்டது.
"வரேன்..." என்று ஆரம்பித்து
ஒரு நொடி திணறி,
"பதினாறு" என்று முடித்தார்.