ஜாடிகளில் மணல்

பிப்ரவரி. லூக்கே நகரக் கல்லறைத் தோட்டம்.
பளிங்குக்கே வேர்த்துக்கொண்டிருந்தது.
கையில் கரண்டி, ஒரு வெள்ளைத் தட்டு,
தள்ளுவண்டியில் ஈர மணல்.
செத்தவர்களின் வாசலிலும் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது
நகராட்சி எனக்குத் தந்த வேலை.

பூஜாடியைக் கவிழ்த்தால்
தட்டில் நெளியும் காற்புள்ளிகள்,
முடிக்கத் தெரியாதவன் எழுதிய வாக்கியம்போல.
நாலைந்து நாளில் சிறகு முளைத்து
காலில் வெள்ளை வளையம் பூட்டிக்கொண்டு
பட்டப்பகலில் கிளம்பிவிடும்.

வில்ஃப்ரீடோ மட்டும் விடவில்லை.
"எர்மீந்தாவுக்கு நான் ஊற்றிய தண்ணீர் அது."
டாக்சிக்காரர். மனைவி போய் ஒன்பது மாதம்.
ஜாடியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றார்.
நான் அடுத்த கல்லறைக்கு நகர்ந்தேன்.
கணக்கேட்டில் அந்த ஜாடியை எழுதவுமில்லை.

மூன்று வாரம் கழித்து
அவர் கார் வாசலைவிட்டு நகரவில்லை.
கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்றார்.
அந்த ஜாடிதானா? தெரியாது.
ஊரில் டயர்கள் இல்லையா, பாட்டில் மூடிகள் இல்லையா.
மேசைமேல் இருந்த ஆஸ்பிரினை என் பையில் போட்டுக்கொண்டேன்;
இரத்தம் கசியக் காத்திருக்கும் உடம்புக்கு அது ஆகாது.
பாராசிட்டமால். உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர்.
பகலிலும் வலை:
இவரைக் கடித்தது பக்கத்து வீட்டையும் கடிக்கக் கூடாது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது.
எதிர்வீட்டு பிளாசிதா சந்தோஷத்தில் தெரெரே கலக்கினாள்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
சூடு இறங்கும் வேளையில்தான்
அது சத்தமில்லாமல் படியேறும்.
கையைத் தொட்டேன்,
ஐஸ் பெட்டியில் கிடந்த மீன்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி, மறுபடி வாந்தி.
ஈறில் ஒரு சிவப்புக் கோடு.
"தூங்கினால் சரியாகிவிடும், நிமியா."
அவர் டாக்சியை நானே ஓட்டினேன்,
கிளட்ச் அலற.

ஆறு நாள் சலைன்.
பக்கத்துக் கட்டில் மூன்றாம் நாள் காலியானது;
எப்படி என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரலில் பார்த்தேன்.
கல்லறையருகே முழங்காலிட்டு, பழைய பல்துலக்கியால்
ஜாடியின் உட்சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
கொட்டினால் மட்டும் போதாது,
முட்டை காய்ந்துபோயும் மாதக்கணக்கில் காத்திருக்கும் என்று
நான்தான் சொல்லியிருந்தேன்.
காத்திருப்பதைப் பற்றி
அவருக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தள்ளுவண்டியை எட்டிப் பார்த்தார்.
"கொஞ்சம் ஈரமாகவே கொடு," என்றார்.
"அவளுக்குத் தாகம் அதிகம்."