ஏழாம் பிரிவு

சிங்களத்தில் ஒன்பது பக்கம் வந்தது.
வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் வேண்டுமாம்.
முதல் வரியிலேயே தடக்கினேன்.
வெண்ணெய் என்று எழுதினால்
கோபியர் வீட்டு உறி ஆடுகிறது.
பட்டர் என்றால்
புறக்கோட்டை மொத்தக்கடைகளில்
வாளிவாளியாய் அடுக்கிய மாஜரினுக்கும்
அதுதான் பெயர்.
நடுவில் ஒரு சாய்கோடு போட்டு
இரண்டையும் எழுதித் தப்பினேன்.

பாற்கொழுப்பு நூற்றுக்கு எண்பதிற் குறையலாகாது.
தரச்சின்னத்தின் விட்டம் பன்னிரண்டு மில்லிமீற்றர்.
ஏனையவற்றில் அச்சொல்லோ
பசுவின் படமோ
பசுவை நினைவூட்டும் புற்றரையோ
இடம்பெறலாகாது.

புற்றரைக்குச் சிரித்தேன்.
பக்கத்து மேசை நிமிர்ந்து பார்த்தது.

ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய மாதிரி
மருதானை நெரிசலில் ஓட்டோவுக்குள் உருகி
‘திரவம். மஞ்சள். அடையாளம் தெளிவில்லை’
என்ற குறிப்போடு திரும்பியிருந்தது.
திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்கள்.
கொழும்பில் தாழி வரைக்கும் போகத் தேவையில்லை,
பகல் பதினொரு மணி போதும்.

வியாழன் பின்னேரம் கூட்டம்.
அன்றைக்குப் பணிப்பாளர் லியனாரச்சி அம்மையாரின் பிறந்தநாளும்.
மாளிகாவத்தை ரம்ஸியா
வழமைபோல் கேக் கொண்டுவந்தாள்,
பெட்டியின் மேல் அவளே அடித்த சீட்டு:
ரம்ஸியா பட்டர் கேக்.
மூலையில் சின்னதாய் ஒரு பசு.

ஒருவரும் பசுவைப் பார்க்கவில்லை.
விரல்களைத் துடைத்துக்கொண்டே
ஏழாம் பிரிவுக்குக் கை உயர்த்தினார்கள்.

படிக்கட்டில் என்னை மறித்தாள்.
“மிஸ், பட்டர் விக்கிற விலைக்கு
யாரு பட்டர் போடுற? மாஜரின்தான்.
சீட்டு ஐந்நூறு அடிச்சி வெச்சிருக்கேன்.
இனி என்ன பேர் போட?”

ஒன்பது பக்கத்தையும் மனதுக்குள் புரட்டி
நானே ஆக்கிய சொல்லை எடுத்துக் கொடுத்தேன்:
பரவற்கொழுப்புக் கேக்.

“அத யாரு மிஸ் திம்ப?” என்றாள்.
பிறகு இருவரும் சிரித்தோம்,
அவள் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டாள்.

இரவு, வெள்ளவத்தை அறையில் கடைசிப் பக்கம்.
குற்றப்பணம் ரூபாய், அதன் பின் ஒரு வெற்றிடம்.
அமைச்சு நிரப்புமாம்.
கைக்குட்டையில் மடித்து வந்த கேக்குத்துண்டை
எட்டாம் பக்கத்தின் மேல் வைத்து மறந்திருக்கிறேன்.
எண்ணெய் ஊறி வட்டமாய்த் தாள் கண்ணாடியாகி
அடுத்த பக்கத்து ‘தண்டனை’
தலைகீழாக அல்ல, நேராகவே தெரிந்தது.

அடிமட்டம் வைத்துப் பார்த்தேன்.
பதினான்கு இருக்கும்.

அந்தப் பக்கத்தை
நான் திரும்ப அச்செடுக்கவில்லை.