ஈரத்துக்குக் கழிவு

ஏழாவதில் சதவீதம் நடத்திய வாரம்
சேரம்பாடியில் மழை ஒரு மணி நேரம்கூட விடவில்லை.
கட்டம் போட்ட நோட்டு ஊறி
எட்டு எது, மூன்று எது என்று தெரியாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் இலை நிறுக்கும் கொட்டகையில்
அம்மாவின் மூட்டை முப்பத்திரண்டு கிலோ.
ஈரத்துக்குக் கழிவு நூற்றுக்குப் பத்து,
சாக்குக்கு ஒரு கிலோ,
இருபத்தேழு என்று எழுதினார் இன்பராஜ்.
புள்ளிக்கு அப்புறம் ஒரு எட்டு இருக்கே என்றேன்.
"புள்ளியெல்லாம் பள்ளிக்கூடத்துல வச்சுக்க."
அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.
லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம்
அந்த எட்டை நாளால் பெருக்கினேன்,
மாதத்தால், வரிசையில் நின்ற தலைகளால்.
எவ்வளவு வந்தது என்று இங்கே சொல்லப்போவதில்லை.

எட்டாவது எனக்கு நினைவில்லை.

ஒன்பதாவதில் இரண்டின் வர்க்கமூலம்.
அதைப் பின்னமாக எழுத முடியாது என்று நிறுவ
முடியும் என்றே தொடங்கச் சொன்னது புத்தகம்.
பொய்யை வீட்டுக்குள் அழைத்து
உட்காரவைத்து
மரியாதையாக நாலு கேள்வி கேட்டால்
ஐந்தாவது வரியில் அதுவே உளறிவிடுகிறது.
அன்று இரவு கூரைத் தகரத்தில் மழை
எனக்குத் தூக்கமில்லை
காரணம் மழை அல்ல.

பத்தாவதில் சாய்வு.
மலைச்சரிவில் பிறந்து வளர்ந்த நாற்பது பேருக்கு
சாய்வு பூஜ்யம் என்பதுதான் விளங்கவில்லை.
"அப்படி ஒரு இடம் எங்க இருக்கு?" என்றாள் சுஹரா.
"கூடலூர் பஸ் ஸ்டாண்டு" என்றான் ஒருவன்.
"போடா, அங்க வச்ச பந்தும் உருளும்."

பதினொன்றில் முதல் குரூப் எடுத்தவர்கள் ஏழு பேர்.
கணக்கு சார் ஜூலையில் மாறுதல் வாங்கிக் கீழே போனார்.
பதிலுக்கு யாரும் மலையேறவில்லை.
முதல் பீரியட் கணக்கு,
மேசைக்குப் பின்னால் நாற்காலி மட்டும்.
நாங்களே சாக்பீஸ் எடுத்தோம்.
ஒருத்தி சிக்கிய வரியிலிருந்து இன்னொருத்தி.
மைனஸ் ஒன்றுக்கு வர்க்கமூலம் உண்டு என
வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.
"யாரக் கேட்டு?" என்றாள் யோகமலர்.
அப்படிக் கேட்டவள்தான் அந்தப் பாடத்தை
தேயிலை கிள்ளுகிற வேகத்தில் போட்டாள்,
இரண்டு கையாலும்.

தீபாவளி முடிந்து வந்த தரகரோடு
திருப்பூர் வண்டி ஏறினாள்.
அவள் நோட்டு என்னிடம் தங்கிவிட்டது.
கடைசிப் பக்கத்தில் ஒரு வகுத்தல்,
கலப்பெண்ணைக் கலப்பெண்ணால்.
இரண்டு வரி. அப்புறம் "எனவே".
எனவேக்குப் பின்னால் வெறும் தாள்.

பன்னிரண்டாவது பரீட்சையன்று
சுங்கத்துக்கு முந்தின வளைவில் யானை.
முப்பது நிமிடம் பஸ்ஸுக்குள் எல்லை மதிப்பு படித்தோம்:
நெருங்கலாம், நெருங்கிக்கொண்டே இருக்கலாம்,
தொட்டாக வேண்டும் என்றில்லை.
டிரைவருக்கும் அதே கொள்கை.

முடிவு வந்த இரவு யோகமலர் போன் செய்தாள்.
பின்னால் தையல் மிஷின்கள் ஒரே இரைச்சல்.
"எவ்ளோ?"
"நூத்துக்கு எழுபத்தொம்பது."
"சுஹரா?"
"தொண்ணூத்தாறு."
கொஞ்ச நேரம் மிஷின் மட்டும் பேசியது.
"என் நோட்டு இருக்கா? அந்தக் கடைசிக் கணக்கு..."
"விடை சொல்லட்டுமா?"
"வேணாம். அடுத்த படி மட்டும் சொல்லு."

வெளியே மூடுபனி லயத்து விளக்கை
அரைக்கால் விளக்காகக் கழித்துக்கொண்டிருந்தது.
"கீழ இருக்கிறதோட இணை எதுன்னு பாரு,
அதால மேலயும் கீழயும் பெருக்கு."

"இரு, கையில பேனா இல்ல" என்றாள்,
துணி வெட்டும் மேசையிலிருந்து சாக்கட்டி எடுப்பது கேட்டது.
"ம். பெருக்கிட்டேன்.
அப்புறம்?"