பிடரி

ஹட்டனில், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
படி ஏறும்போது பெயின்ட் வாசம்,
ஏறி முடித்தால் அமோனியா வாசம்.
கீழே சுவருக்கு, மேலே தலைக்கு என்று
ரெஜினாமேரியே சொல்லிச் சிரிப்பாள்.
பதினொரு வருஷம் டோஹாவில்
அடுத்தவர் தலைகளைப் பார்த்துவிட்டு வந்தவள்.

என் தலையைப் பார்த்தாள்.
வகிட்டில் அரை அங்குல வெள்ளை,
அதற்குக் கீழே இடுப்புவரைக்கும்
பாக்கெட் கறுப்பு.
"கறுப்புக்கு மேல கறுப்பு, அதுக்கும் மேல கறுப்பு,
எத்தன பூச்சு மிஸ் இது?"

கணக்குப் பார்த்தேன்.
பத்தொன்பது வருஷம், மூன்று கிழமைக்கு ஒருக்கா,
முந்நூற்றுச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமை.
பழைய துவாய், காதோரம் வஸலின்,
வெந்நீர் வராத குழாயடியில் குனிந்து
மார்கழித் தண்ணீர் உச்சியில் இறங்க
மையாய் ஓடுவதைப் பார்த்தபடி நிற்பேன்.

எனக்கு வங்கியில் அடகுப் பகுதி.
உரைகல்லில் ஓர் இழுப்பு, ஒரு சொட்டு அமிலம்,
நகை பொய் சொல்லாது.
பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறிச்
சங்கிலியோடு வந்தவளிடம்
"இது பூச்சும்மா" என்று
குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கிறேன்.
கண்ணாடித் தடுப்பில் அப்போதெல்லாம்
என் முகமும் தெரியும்,
தலையோடு.

போன வைகாசியில் காது வீங்கியது.
கண்ணிமை பணியாரம் போல.
"இனி வேண்டாம்" என்றார் டொக்டர்.
எல்லாரிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறேன்.
அலுப்பு என்று சொன்னால்
யாரும் நம்பமாட்டார்கள்.

"சும்மா விட்டா சும்மா வெளுக்குமே,
வெளுக்கிறதுக்கும் காசா?" என்றார் கிருபாகரன்.
நியாயமான கேள்விதான்.
சும்மா விட்டால் மூன்று வருஷம்
இரண்டு நிறத்தில் நடக்கவேண்டும்.
ஒட்ட வெட்டினால், கவ்வாத்துப் போட்ட மலை மாதிரி,
என்ன நேர்த்தி என்று கேட்பார்கள்.

முதல் நாள் தோள்வரை வெட்டு.
பிறகு இழை இழையாய்ப் பிரித்து
கேக் சுற்றுகிற வெள்ளித்தாளில் மடித்தாள்.
கறுப்பு லேசில் போகிற சாதியில்லை.
முதலில் செம்மண்,
பிறகு பிளேன்டீ,
பிறகு பால் கூடிப்போன தேத்தண்ணி.
அந்த இடத்தில் கரண்ட் போனது.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மடிப்பைத் திறந்து திறந்து பார்த்தாள்,
ரொட்டி வெந்ததா என்று பார்க்கிறவள் போல.
கீழே இருட்டில் யாரோ
அரைக் கிலோ ஆணி கேட்டார்கள்.

மூன்று மாதம் செம்பட்டை.
"ஸ்டைலா மிஸ்?" என்றான் செக்கியூரிட்டிப் பையன்.
மெனேஜர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு தரம்.
கண்டியிலிருந்து தங்கச்சி வீடியோ கோலில்
அழாத குறை:
"அக்கா, நீ வெளுத்தா
நான் எத்தன நாள் தாக்குப் பிடிக்கிறது?"

நான்காம் தடவை சாம்பல் கலந்தாள்.
என் வகிட்டிலிருந்து ஒற்றை மயிரை
கிண்ணத்தோடு ஒத்துப் பார்த்தாள்.
கொஞ்சம் நீலம். கொஞ்சம் ஊதா.
திரும்ப ஒரு பார்வை.
இதுவும் பூச்சுத்தான்,
அசலைப் பார்த்துப் பூசின பூச்சு.
கவுண்டரில் ஒத்துக்கொள்ளமாட்டேன்.
நாற்காலியில் ஒத்துக்கொண்டேன்.

உலர்த்தி முடித்து, ஓரம் வெட்டும்போது
கத்தரிக்கோல் கழுத்துக்குப் பின்னால் நின்றது.
"மிஸ், இதுல நான் கை வைக்கல."
இரண்டு கண்ணாடி பிடித்துக் காட்டினாள்.
பிடரியில், உள்ளங்கை அகலத்துக்கு,
கறுப்பு.
வேரிலிருந்தே.
"சாயம் இல்ல. ஒங்களோடது."

முந்நூற்றுச் சொச்சம் ஞாயிறு
குனிந்து நின்று
கறுப்பாய் இருந்ததையும்
கறுப்பாக்கியிருக்கிறேன்.

காசைக் கொடுத்தேன். படி இறங்கினேன்,
பெயின்ட் வாசத்துக்குள்.
தெருவை மூடிக்கொண்டிருந்தது பனி.
பிடரியில் கையை வைத்தபடி
டிக்கோயா பஸ்ஸுக்கு நின்றேன்.
குளிருக்கு என்று நினைத்திருப்பார்கள்.